பொது நிலையின் சரித்திரம்

இணையத்தில் வியாபாரம் செய்யும் கடையொன்றின் பக்கத்தைத் திறந்து, ஒருவர் தமக்குப் பிடித்த புத்தகத்தைக் கூடையில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்த மாத்திரத்தில் திரையின் மேல் மூலையிலுள்ள கூடைக் குறியின் அருகே எண் ஒன்று ஏற வேண்டும். வலப்புறத்தில் கூட்டுத்தொகை மாற வேண்டும். 'கூடையில் சேர்' என்றிருந்த பொத்தான் 'சேர்க்கப்பட்டது' என்று மாற வேண்டும். எடுத்தது கடைசிப் பிரதியாயின் 'இருப்பில் இல்லை' என்ற குறிப்பும் உடனே தோன்ற வேண்டும். நிகழ்ந்த காரியம் ஒன்றே; அதை அறிந்துகொள்ள வேண்டிய இடங்களோ நான்கு. இந்நான்கில் ஓரிடம் அறியாமல் நின்றுவிட்டாலும், ஒரே திரை தன்னுள் முரண்பட்ட இரண்டு செய்திகளைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. கணக்கு முரண்படும் கடையில் பணம் செலுத்த எவருக்குத்தான் மனம் துணியும்?

இக்காலத்து வலைச்செயலிகள் பெரும்பாலும் கம்போனென்ட் எனப்படும் அங்கங்களால் ஆனவை. பொத்தான் ஓர் அங்கம், பட்டியலின் வரிசை ஓர் அங்கம், அவ்வரிசைகளைத் தாங்கும் பட்டியல் மற்றோர் அங்கம் என்று, ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய அங்கங்களின் படிநிலையே ஒரு பக்கம் ஆகிறது. ஒரு கணத்தில் அங்கமொன்று நினைவில் வைத்திருக்கும் விவரத்தைத் தொழிலில் உள்ளோர் ஸ்டேட் என்பர்; இக்கட்டுரையில் அதனை நிலை என்று வழங்குவோம். ஓர் அங்கத்தின் சொந்த விவகாரமாக உள்ள நிலையைப் பேணுவதில் பெரிய சிரமம் இல்லை. பல அங்கங்களுக்குப் பொதுவான நிலையைப் பேண முற்படும்போதுதான் இரண்டு கடமைகள் எதிர்ப்படுகின்றன. ஓர் உண்மை ஓரிடத்தில் மட்டுமே வாழவேண்டும் என்பது முதற்கடமை. அது மாறும்போது அதனைச் சார்ந்துள்ள அங்கங்கள் அனைத்தும், ஆனால் அவை மட்டுமே, அறியவேண்டும் என்பது இரண்டாவது. முன்னது பிழையின்மையைக் காப்பது. பின்னது சிக்கனத்தைக் காப்பது. ஒன்றைப் பேணப் புகுந்தால் மற்றொன்று நழுவும். ஆண்டுக்கொரு கருவி தோன்றி மறையும் இத்துறையின் சரித்திரத்தை வெறும் புதுமை மோகம் என்று இகழ்வார் உண்டு. ஊன்றி நோக்கின், இவ்விரு கடமைகளையும் ஒருசேர நிறைவேற்றுவதற்குப் பல தலைமுறை அறிஞர்கள் செய்த இடையறாத பிரயத்தனமே அது என்பது விளங்கும்.

இதன் வேர்கள் இணையத்திற்கும் முற்பட்டவை. கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திவந்த ஆராய்ச்சிசாலையில், ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை வளர்த்து வந்த குழுவினரிடையே, நார்வே தேசத்திலிருந்து டிரிக்வே ரீன்ஸ்காக் என்ற அறிஞர் 1978-79இல் வந்து தங்கியிருந்தார். கப்பல் கட்டும் தளங்களுக்கான கணினி நிரல்களில் அனுபவம் பெற்றிருந்த அவர், பெரியதும் சிக்கலானதுமான விவரத் தொகுதியை மனிதர் கண்டு ஆளுவதற்கு வழி யாது என்ற கேள்வியை மனத்தில் கொண்டிருந்தார். விவரத்தை உடைமையாகக் கொண்டிருக்கும் பகுதி வேறு, அதைக் கண்ணுக்குக் காட்டும் பகுதி வேறு, பயனாளரின் கட்டளையைப் பெறும் பகுதி வேறு என்று மூன்றாக வகுத்து, 1979 டிசம்பரில் அவர் எழுதிய குறிப்பே மாடல்-வியூ-கன்ட்ரோலர் எனப் பின்னாளில் உலகெங்கும் வியாபித்த முறைக்குப் பிறப்புச் சாசனம். காட்சிகள் எத்தனை இருப்பினும் விவரம் ஒன்றே என்ற முதற்கடமை அங்கே தெளிவாக உருப்பெற்றுவிட்டது.

அதே 1979ஆம் ஆண்டில், டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் கணினிக்காக விசிகால்க் என்ற கணக்குத்தாள் நிரலை வெளியிட்டனர். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த மற்றக் கட்டங்களின் விடைகளும் தாமே மாறின. தொடக்கத்தில் தாள் முழுவதையும் வரிசைக்கிரமமாகக் கணக்கிட்டே இது சாதிக்கப்பட்டது. பின்வந்த கணக்குத்தாள்களோ எந்தக் கட்டம் எதைச் சார்ந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு, வேண்டியவற்றை மட்டும் திரும்பக் கணக்கிடக் கற்றன. இரண்டாம் கடமைக்குரிய விடையின் வித்து இங்கே இருந்தது. ஆயினும் அந்த வித்து வலைச்செயலிகளின் நிலத்தில் விழுந்து முளைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அத்தனை காலதாமதம் நேர்ந்ததற்கு வலையின் இயல்பே காரணம். டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த வலை, ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதற்கென அமைந்தது. ஒரு பக்கத்தை அனுப்பிய சர்வர் கேட்டவர் யார் என்பதை அடுத்த கணமே மறந்துவிடும். ஆவணம் படிப்பவருக்கு அந்த மறதியால் நஷ்டம் இல்லை. கூடையில் பொருள் சேர்ப்பவருக்கோ அது பெருந்தடை. முடிவுறாத கொள்முதல்களின் விவரத்தைத் தன் சர்வர்களில் தேக்கிவைக்க விரும்பாத வாடிக்கை நிறுவனம் ஒன்றின் தேவையை ஒட்டி, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மான்டுல்லி என்ற இளைஞர், உலாவியிடமே ஒரு சிறு குறிப்பைக் கொடுத்துவைத்து ஒவ்வொரு வேண்டுகோளோடும் அதைத் திரும்பப் பெறும் உபாயத்தைக் கண்டார். குக்கி என்று இன்று எல்லோரும் அறிந்த அந்தச் சிறு குறிப்பே வலையில் நிலைக்குக் கிடைத்த முதல் இருப்பிடம்.

1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட், உலாவிக்குள் பக்கத்தை அசைக்கும் ஆற்றலைத் தந்தது. 1999இல் மைக்ரோசாப்ட்டின் உலாவியில் இடம்பெற்ற எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்னும் வசதி, பக்கத்தைப் புதிதாக வரவழைக்காமலே சர்வரிடமிருந்து விவரம் பெறும் வழியைத் திறந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் தோன்றியபோது, வலைப்பக்கம் வாசிப்பதற்கான தாள் என்ற பழைய எண்ணம் மாறி, மணிக்கணக்கில் திறந்துகிடந்து தன் நிலையைத் தானே சுமக்கும் செயலி என்ற புதிய எண்ணம் நிலைபெற்றது. ஆனால் அந்நிலையை எங்கே வைப்பது என்று எவரும் ஆழ்ந்து யோசித்திருக்கவில்லை. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி பக்கத்தை மாற்றுவதை மிகவும் எளிதாக்கிற்று. எளிதானதாலேயே, பக்கத்தில் அச்சிடப்பட்ட எழுத்தே விவரத்தின் இருப்பிடமும் ஆயிற்று. கூடையில் எத்தனை பொருள் உள்ளது என்று தெரியவேண்டுமானால், திரையிலுள்ள எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவது வழக்கமாயிற்று. காட்சியும் உண்மையும் ஒன்றாய்க் கலந்துவிட்ட அந்நிலையில், ரீன்ஸ்காக் வகுத்த பிரிவினை மறக்கப்பட்டிருந்தது.

மறந்ததை மீட்கும் முயற்சி 2010இல் ஒரே சமயத்தில் பல திசைகளிலும் எழுந்தது. ஜெரமி ஆஷ்கெனாஸ் பேக்போன் என்னும் நூலகத்தை அளித்து, விவரத்தைத் தனி மாடல்களில் வைக்கவும், மாறும்போதெல்லாம் அவை அறிவிப்பு விடுக்கவும் வகைசெய்தார். ஸ்டீவ் சாண்டர்சன் அளித்த நாக்அவுட், கணக்குத்தாளின் கட்டத்தைப்போலத் தன்னைப் படிப்பவர் யார் என்று அறிந்திருக்கும் மதிப்புகளை அறிமுகம் செய்தது. கூகுளில் பணியாற்றிய மிஸ்கோ ஹெவரியின் ஆங்குலர்ஜேஎஸ், மாடலும் காட்சியும் ஒன்றையொன்று இருபுறமும் திருத்திக்கொள்ளும் இணைப்பைத் தந்தது. எது மாறிற்று என்று ஆங்குலருக்கு எவரும் சொல்வதில்லை. கண்காணிக்கப்படும் மதிப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக முன்னைய மதிப்போடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று மாறியிருந்தால் அதன் விளைவாக மற்றொன்று மாறியிருக்கக் கூடுமாதலால் மீண்டும் முதலிலிருந்து பார்க்கும். பத்து முறை சுற்றியும் அமைதி காணாவிடில் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். சிறிய பக்கங்களில் இது இனிது நடந்தது. கண்காணிக்க வேண்டியவை ஆயிரக்கணக்கில் பெருகியபோது, ஒரே ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்வதற்கும் அத்தனை ஒப்பீடுகளும் நடந்தேற வேண்டியிருந்தபடியால், திரை தயங்கத் தொடங்கிற்று.

மாடல்கள் ஒன்றுக்கொன்று அறிவிப்பு விடுக்கும் முறையிலும் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. ஒரு மாடல் மாறினால் ஒரு காட்சி மாறும். அக்காட்சி வேறொரு மாடலைத் திருத்தும். அந்த மாடல் இன்னும் இரண்டு காட்சிகளை எழுப்பும். இச்சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுதியவரே சொல்ல இயலாத நிலை வந்தது. இதற்குப் பிரசித்தமான உதாரணம் பேஸ்புக்கின் அரட்டைப் பகுதியில் நேர்ந்தது. புதிய செய்தி வந்திருப்பதாக மேலே ஓர் எண் தோன்றும். ஆவலோடு திறந்து பார்த்தால் செய்தி எதுவும் இராது. பொறியாளர்கள் திருத்துவார்கள், சில நாள் சரியாக இருக்கும், பிறகு அதே பிழை வேறு வழியாகத் திரும்ப வரும். படிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஓரிடத்திலும் செய்திகள் வேறிடத்திலும் வாழ்ந்து, பல கைகள் அவற்றைத் தனித்தனியே திருத்திவந்தமையால், ஒரு பொத்தலை அடைத்தால் மற்றொன்று திறந்தது. பிழை ஒருவரது கவனக்குறைவில் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது என்று அவர்கள் துணிந்ததுதான் இச்சரித்திரத்தின் திருப்புமுனை.

அந்நிறுவனத்தின் ஜோர்டன் வாக் என்ற பொறியாளர் உருவாக்கி, 2011 முதல் அங்கே உபயோகத்தில் இருந்துவந்த ரியாக்ட், 2013 மே மாதத்தில் அமெரிக்காவில் கூடிய ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது. நிரலுக்குள்ளேயே பக்கத்தின் வடிவத்தை எழுதும் அதன் பாணியைக் கண்டு பலர் முகம் சுளித்தனர். ஆயினும் அதன் உட்கருத்து வலிமை வாய்ந்தது: நிலையைக் கொடுத்தால் காட்சியைத் தரும் ஒரு சார்பே அங்கம், நிலை மாறினால் காட்சி முழுவதையும் புதிதாக விவரிக்கலாம், பழைய விவரணத்துக்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு, அந்த வேற்றுமையை மட்டும் திரையில் பதிப்பது நூலகத்தின் பொறுப்பு. விவரம் மேலிருந்து கீழாக, தாய் அங்கத்திலிருந்து சேய் அங்கத்துக்கு, ஒரே திசையில் இறங்கும். ஆனால் திசை ஒன்றானபோது தூரம் பிரச்சினையாயிற்று. பக்கத்தின் இரு கோடிகளில் உள்ள இரண்டு அங்கங்களுக்கு ஒரு விவரம் பொதுவாயின், இரண்டுக்கும் பொதுவான மூதாதை அங்கத்துக்கு அதை உயர்த்த வேண்டும். அங்கிருந்து, அதனால் தமக்கு யாதொரு பயனும் இல்லாத இடைத்தலைமுறைகள் பலவும் அதைக் கைமாற்றிக் கீழே தரவேண்டும். உயரத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால் அந்த இடைத்தலைமுறைகள் அனைத்தும் வீணே மறுபடி வரையப்படும்.

இதற்குப் பரிகாரமாக 2014 ஏப்ரலில் பேஸ்புக் பொறியாளர்கள் ஃப்ளக்ஸ் என்னும் ஏற்பாட்டை அறிவித்தனர். அவ்வறிவிப்பின் பிரசங்கத்தில்தான் ஜிங் சென் என்ற பொறியாளர் மேற்சொன்ன அரட்டைப் பிழையின் கதையை விவரித்தார். பொது நிலை ஸ்டோர் எனப்படும் களஞ்சியங்களில் வாழும். எந்த அங்கமும் அதை நேரே திருத்தக்கூடாது. நிகழ்ந்தது இன்னதென்று ஓர் ஆக்‌ஷனைச் சமர்ப்பித்தால், களஞ்சியமே தன்னைத் திருத்திக்கொண்டு அறிவிப்பு விடுக்கும். திருத்தும் அதிகாரத்தைப் பலரிடமிருந்து எடுத்து ஓரிடத்தில் ஒப்படைத்த இந்நிர்வாகச் சீர்திருத்தம் முதற்கடமையை மீட்டுத் தந்தது.

இரண்டாம் கடமைக்கான வெளிச்சம் அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2013 டிசம்பரில், வேறொரு திசையிலிருந்து வந்தது. டேவிட் நோலன் என்பவர் குளோஜர்ஸ்கிரிப்ட் மொழியில், ரியாக்டின்மேல் அமைத்த ஓம் என்ற நூலகம், செயலியின் நிலை முழுவதையும் மாற்றவொண்ணாத ஒரே தொகுப்பாக வைத்தது. மாற்றவே முடியாத பொருளால் வேகம் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். பில் பாக்வெல்லின் ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு ரிச் ஹிக்கி தம் குளோஜர் மொழியில் அமைத்த விவரத்தொகுப்புகளின் உள்ளமைப்பை அருகில் சென்று பார்த்தால் விடை தெரியும். ஒவ்வொரு கணுவிலும் 32 கிளைகள் பிரியும் மரமாக அவை அமைந்துள்ளன. நான்கே அடுக்குகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட விவரங்கள் அடங்கிவிடும். அவற்றுள் ஒன்றை மாற்றவேண்டின், அதற்குச் செல்லும் பாதையிலுள்ள நான்கு கணுக்களை மட்டும் படியெடுத்து, ஏனைய பகுதி முழுவதையும் பழைய மரத்தோடு பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பழையது பழையபடியே இருக்கும். புதியது பக்கத்திலேயே நிற்கும். இவ்வமைப்பின் பெரும்பேறு, ஒரு பகுதி மாறியதா என்று அறிய அதற்குள் நுழைந்து பார்க்க வேண்டியதில்லை என்பதே: இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தைச் சுட்டினால் மாற்றமில்லை, வேறிடத்தைச் சுட்டினால் மாற்றமுண்டு. ஒரே ஒப்பீட்டில் பக்கத்தின் பெரும்பகுதியை மறுபடி வரையாமல் விட்டுவிடலாம். அங்கங்களின் உலகில் சிக்கனம் என்பது வேகமாக வேலைசெய்வதில் இல்லை, வேலையே இல்லாத இடத்தைச் சீக்கிரம் அடையாளம் காண்பதில் இருக்கிறது என்ற பாடம் அன்று கற்பிக்கப்பட்டது.

இவ்விரு ஓடைகளும் 2015 ஜூலையில் பாரிஸ் நகரத்து மாநாட்டில் கலந்தன. டான் ஆப்ரமோவ் என்னும் ரஷ்ய இளைஞர், தாமும் ஆண்ட்ரூ கிளார்க்கும் சேர்ந்து உருவாக்கிய ரிடக்ஸை அங்கே அறிமுகம் செய்தார். ஃப்ளக்ஸின் ஒருதிசை ஒழுங்கையும், எல்ம் என்ற நிரல்மொழியின் தூய சார்புகளையும் இணைத்த ரிடக்ஸில் களஞ்சியம் ஒன்றே; அதைப் படிக்கலாம், நேரே திருத்தலாகாது; முந்தைய நிலையையும் நிகழ்ந்த ஆக்‌ஷனையும் பெற்றுக்கொண்டு அடுத்த நிலையைத் தரும் ரெடியூசர் என்ற சார்பே மாற்றத்திற்கு ஒரே வழி. நம் மண்டிக்கடைகளில் கணக்கப்பிள்ளைமார் அனுசரித்துவந்த ஒழுங்கு இதுவேயாகும்: அன்றன்றைய வரவு செலவுகள் நிகழ்ந்த வரிசையில் குறிப்பேட்டில் ஏறும், அவற்றைக்கொண்டே பேரேட்டின் இருப்பு நிர்ணயமாகும், ஐயம் எழுந்தால் குறிப்பேட்டை முதலிலிருந்து கூட்டிப் பார்த்துப் பேரேட்டைச் சரிபார்க்கலாம். ஆப்ரமோவ் மேடையில் செய்துகாட்டியதும் அதுதான். நிகழ்ந்த ஆக்‌ஷன்களின் பட்டியலில் பின்னோக்கிச் சென்று, ஒன்றை நீக்கிப் பார்த்து, செயலியை எந்தக் கணத்தின் நிலைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். பிழை எந்தக் கணத்தில் புகுந்தது என்று இருட்டில் தேடிக்கொண்டிருந்த நிரலர்களுக்கு அது பெரும் வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ரிடக்ஸ் பரவிய வேகத்தில் ஒரு மிகையும் உடன் பரவிற்று. ஒரு பட்டி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, ஒரு படிவத்தில் பாதி எழுதிய சொல் எது என்பவைபோன்ற, ஓர் அங்கத்தின் அந்தரங்க விவகாரங்களும் பொதுக் களஞ்சியத்துக்கு ஏற்றப்பட்டன. சிறு மாற்றம் ஒன்றுக்கும் ஆக்‌ஷனின் பெயர், ஆக்‌ஷன், ரெடியூசர், இணைப்பு என்று பல கோப்புகளில் எழுதும் சடங்கு வளர்ந்தது. இம்மிகையைக் கண்டு, ரிடக்ஸ் எல்லோருக்கும் தேவைப்படுவதன்று என்று 2016இல் ஆப்ரமோவே கட்டுரை எழுதினார். தாம் படைத்த கருவியின் எல்லையைத் தாமே வரையறுத்த அந்த நேர்மை, கருவியினும் மதிக்கத்தக்கது.

ஒற்றைக் களஞ்சியம் இரண்டாம் கடமையை எளிதாக்கிவிடவில்லை. அதற்கெனத் தனிக் கலையே வளர வேண்டியிருந்தது. களஞ்சியத்தில் எங்கே எது மாறினாலும் இணைந்துள்ள அங்கங்கள் அனைத்தும் தத்தமக்கு வேண்டிய பகுதியை எடுத்துப் பார்க்கும். எடுத்தது முன்போலவே இருந்தால் அங்கம் அசையாது. மாறியிருந்தால் மட்டும் மறுபடி வரையும். வேண்டியதை எடுத்துத் தரும் சிறு சார்பை செலக்டர் என்பர். இங்கே அனுபவமில்லாதோர் தவறாமல் இடறும் ஒரு நுட்பம் உண்டு. முடிந்த வேலைகளை மட்டும் வடிகட்டித் தரும் செலக்டர், ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் ஒன்றை உண்டாக்குகிறது. உள்ளடக்கம் ஒன்றேயாயினும் பட்டியல் புதியதாதலால், ஒப்பீடு 'மாறிவிட்டது' என்றே சொல்லும். சம்பந்தமே இல்லாத மாற்றத்துக்கும் அங்கம் வரையப்பட்டுக்கொண்டே இருக்கும். மூலவிவரம் மாறாதவரை முந்தைய விடையையே திருப்பித் தரும் ரீசெலக்ட் போன்ற நூலகங்கள் இதற்காகவே தோன்றின. ஒரே ஆசிரியரின் பெயரை நூறு கட்டுரைகளுக்குள் நூறு முறை எழுதிவைக்காமல், ஆசிரியரை ஒருமுறை பதிந்து, கட்டுரைதோறும் அவரது அடையாள எண்ணை மட்டும் வைக்கும் பழக்கமும் இக்காலத்தில் வேரூன்றியது. 1970இல் எட்கர் காட் தரவுத்தளங்களுக்கு வகுத்த அதே இலக்கணம் உலாவிக்குள்ளும் நுழைந்தது.

2018 மார்ச்சில் ரியாக்டின் 16.3ஆம் பதிப்பு கான்டெக்ஸ்ட் என்னும் வசதியைத் திருத்தி அளித்தபோது, இடைத்தலைமுறைகளைத் தாண்டி விவரத்தைக் கீழே சேர்க்க நேர்வழி கிடைத்தது; 2019 பிப்ரவரியில் வந்த, ஹூக் எனப்படும் சிறு சார்புகள் அதன் உபயோகத்தை மேலும் எளிதாக்கின. இனி ரிடக்ஸ் வேண்டாம் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. ஆனால் கான்டெக்ஸ்ட் விவரத்தைக் கொண்டுசேர்க்கும் பாதையேயன்றி, பகுத்துக் கொடுக்கும் நிர்வாகி அன்று. அதன் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் அங்கங்கள் எல்லாமே, தமக்கு வேண்டிய சிறுபகுதி மாறாதிருந்தபோதிலும், மறுபடி வரையப்படும். இதன் விலை என்ன என்பதை ரிடக்ஸின் இணைப்பு நூலகமே அனுபவத்தில் அறிந்தது. 2018 டிசம்பரில் வந்த அதன் ஆறாம் பதிப்பு, நிலை முழுவதையும் கான்டெக்ஸ்ட் வழியே இறக்கிப் பார்த்தது. வேகம் குன்றியது கண்டு, 2019 ஏப்ரலில் வந்த ஏழாம் பதிப்பு, அங்கங்கள் களஞ்சியத்தோடு நேரே பதிவுசெய்துகொள்ளும் பழைய முறைக்குத் திரும்பியது. மார்க் எரிக்சன் முதலிய பராமரிப்பாளர்கள் இப்பின்வாங்கலை ஒளிக்காமல் காரணங்களோடு விளக்கி எழுதினர். மொழி, நிறம், நுழைந்திருப்பவர் பெயர் முதலிய அரிதாக மாறுபவற்றுக்குக் கான்டெக்ஸ்ட், அடிக்கடி மாறுபவற்றுக்குப் பதிவுமுறை என்ற விவேகம் அந்த நான்கு மாத அனுபவத்தால் உறுதிப்பட்டது.

அக்காலத்திலேயே தெளிவுபட்ட மற்றொரு பகுப்பு இதனினும் பெரிய பயன் விளைத்தது. பொது நிலை என்று களஞ்சியங்களில் நிரப்பிவந்தவற்றுள் பெரும்பகுதி, ஆராய்ந்து பார்த்தால், உலாவிக்குச் சொந்தமானதே அன்று. சர்வரில் வாழும் உண்மையின் நகல் மட்டுமே. நகலுக்குரிய கேள்விகள் வேறு: எப்போது எடுத்தது, இன்னும் செல்லுமா, ஒரே விவரத்தை மூன்று அங்கங்கள் ஒருங்கே கேட்டால் சர்வரிடம் ஒருமுறை மட்டும் போவது எப்படி? 2019இல் தோன்றிய எஸ்டபிள்யூஆர், டானர் லின்ஸ்லியின் ரியாக்ட் க்வெரி என்னும் நூலகங்கள், பழைய நகலை உடனே காட்டிவிட்டுப் பின்னணியில் புதியதைப் பெற்று மாற்றும் முறையைப் பரப்பின. பல செயலிகளில் சர்வர் நகல்களை அப்புறப்படுத்தியபின் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியது மிகச் சிறிதே. எஞ்சிய அச்சிறு நிலைக்கு ஜூஸ்டாண்ட், ஜோட்டாய் முதலிய இலகுவான கருவிகள் போதுமாயின.

ரிடக்ஸின் புகழ் ஓங்கியிருந்த ஆண்டுகளிலும் கணக்குத்தாளின் பரம்பரை அறுந்துபோகவில்லை. 2014இல் எவான் யூ வெளியிட்ட வியூவும், 2015இல் மிஷெல் வெஸ்ட்ஸ்ட்ராட்டே தொடங்கிய மோப்எக்ஸும், ஓர் அங்கம் வரையப்படும்போது எந்தெந்த மதிப்புகளைப் படிக்கிறது என்று தாமே குறித்துவைத்துக்கொண்டு, அம்மதிப்புகள் மாறினால் அந்த அங்கத்தை மட்டும் எழுப்பின. ரயான் கார்னியாட்டோவின் சாலிட் இதனை எல்லைவரை கொண்டுசென்று, அங்கத்தையும் மறுபடி ஓட்டாமல், மாறிய எழுத்தை மட்டும் திரையில் திருத்தியது. சிக்னல் என்று இன்று வழங்கும் இம்மதிப்புகளில் ஒரு நுண்ணிய இடர் உண்டு. விலை மாறினால் வரியும் மாறும், தள்ளுபடியும் மாறும். இவ்விரண்டையும் சார்ந்தது செலுத்த வேண்டிய தொகை. வரி திருந்தியவுடனே தொகையைக் கணக்கிட்டால், தள்ளுபடி பழையதாகவே இருக்க, ஒரு கணம் எங்குமில்லாத பொய்த்தொகை பிறக்கும். ஆகவே முதலில் சார்ந்தவை அனைத்தையும் 'பழையது' என்று குறியிட்டுவிட்டு, எவரேனும் கேட்கும்போதே கணக்கிடுவது என்ற இருபடி முறை நிலைபெற்றது. 2022இல் ப்ரியாக்டும், 2023இல் ஆங்குலரும் சிக்னல்களை மேற்கொண்டன. 2024 ஏப்ரலில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிர்ணயக் குழுவிலேயே அவற்றுக்கான முன்மொழிவு முதற்கட்டத்தில் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அனைத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஆங்குலரே, சார்பறிந்து எழுப்பும் முறைக்கு வந்து சேர்ந்தது இச்சரித்திரத்தின் போக்கைத் தெளிவாக உணர்த்துகிறது.

ரியாக்டோ தன் வழியிலேயே சென்று, 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்பில், வரையும் வேலையை நடுவில் நிறுத்திப் பயனாளரின் அவசரக் கட்டளையைக் கவனித்துவிட்டுத் தொடரும் ஆற்றலைப் பெற்றது. நிறுத்திய அந்த இடைவெளியில் வெளிக் களஞ்சியம் மாறிவிட்டால், திரையின் மேற்பாதி பழைய மதிப்பையும் கீழ்ப்பாதி புதிய மதிப்பையும் காட்டும் அபாயம் எழுந்தது. டியரிங் எனப்படும் இவ்விபத்தைத் தடுக்க, வரைந்து முடித்தபின் களஞ்சியம் அதே நிலையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையேல் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் மறுபடி வரையும் ஹூக் ஒன்று அப்பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு உண்மையின் ஒருமைக்கு ஊறு செய்ய முற்பட்டபோது, வேகத்தையே விட்டுக்கொடுத்து ஒருமையைக் காத்த இத்தீர்மானம், இரு கடமைகளுள் முதன்மையானது எது என்பதையும் சொல்லிவிட்டது.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது, ஒரு கருவி வென்று ஏனையவை தோற்றன என்ற தீர்ப்புக்கு இடமில்லை. கருவிகள் பல வழக்கொழிந்தன, அவை கற்பித்த பகுப்புகள் நிலைத்துவிட்டன. மாடல்-வியூ-கன்ட்ரோலர் உண்மையையும் காட்சியையும் பிரித்தது; ஃப்ளக்ஸ் படிக்கும் உரிமையையும் திருத்தும் அதிகாரத்தையும் பிரித்தது; ஓம் மாறியதையும் மாறாததையும் ஒரே பார்வையில் பிரித்தறியும் வழி தந்தது; எஸ்டபிள்யூஆர் முதலியவை நமக்குச் சொந்தமானதையும் பிறரிடமிருந்து பெற்ற நகலையும் பிரித்தன; சிக்னல்கள் அறிய வேண்டியவரையும் அறிய வேண்டாதவரையும் பிரித்தன. இன்று புதிதாக ஒரு செயலியை எழுதத் தொடங்குபவர் எந்த நூலகத்தைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு விவரத்தையும் முன்னிறுத்தி இக்கேள்விகளைக் கேட்கக் கடமைப்பட்டவர்: இது எவருக்குச் சொந்தம்? எத்தனை அங்கங்களுக்கு வேண்டும்? எத்தனை முறை மாறும்? வேறு விவரத்திலிருந்து கணக்கிட்டுப் பெறக்கூடியதாயின் இதைத் தனியே சேமித்துவைப்பானேன்? ஓர் அங்கத்துக்கு மட்டும் வேண்டியதை அந்த அங்கத்திலேயே விடுவதும், இரண்டுக்கு வேண்டியதை அவற்றின் மிக நெருங்கிய மூதாதையிடம் வைப்பதும், பலவற்றுக்கும் வேண்டிய, அடிக்கடி மாறும் விவரத்தை மட்டுமே களஞ்சியத்துக்கு ஏற்றுவதும் அக்கேள்விகளின் விடையாகத் தாமே அமையும்.

இக்கேள்விகளைக் கேளாமல் விடுவதன் விலையை நிரலர் செலுத்துவதில்லை. அவர் கையில் விரைவான கணினி இருக்கிறது. வீணாக ஆயிரம் முறை வரைந்தாலும் அவர் கண்ணுக்கு அது தெரியாது. விலை குறைந்த கைப்பேசியில், மெதுவான இணைப்பில், ரயில் முன்பதிவுக்கோ பரீட்சை விண்ணப்பத்துக்கோ அமர்ந்திருப்பவரே அந்த வீண்செலவைத் தம் நேரத்தாலும் மின்கலத்தாலும் ஈடுசெய்கிறார். திரை முரண்பட்ட எண்ணைக் காட்டினால் தாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி மனம் குலைகிறார். ரீன்ஸ்காக் நாள்தொட்டு இத்துறையில் உழைத்தோர் தேடிவந்தது, கணினியிலுள்ள விவரமும் அதை ஆளும் மனிதரின் மனத்திலுள்ள எண்ணமும் பிசகாமல் பொருந்தியிருக்கும் அமைப்பையே ஆகும். அப்பொருத்தம் முகமறியாத ஒருவருக்கு நாம் தரவேண்டிய மரியாதை என்று உணர்ந்து எழுதுபவரே இப்பரம்பரையின் உண்மையான வாரிசு.